மும்பை மழையில் வேலைக்குப் போய்த் திரும்புவது எப்படி? புதிதாக வந்தவர்களுக்கு

நெல்லைப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து சேரும் தம்பிமார் ஜூன் பிறந்ததும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, குடை போதுமா, ரெயின்கோட் வாங்கணுமா?" இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் கடல் ஏறும் நேரத்தைப் பார்க்கப் பழகுங்கள்.

படி 1: கடலைப் பாருங்கள்

மும்பையின் மழைநீர் கடைசியில் அரபிக்கடலுக்குத்தான் போக வேண்டும். கடல் ஏறி நிற்கும்போது கால்வாய்த் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. பம்ப் வைத்து இறைத்தால்தான் உண்டு. அந்த நேரம் பார்த்துக் கனமழையும் பிடித்துக்கொண்டால் தெருவில் தண்ணீர் நிற்கும். கடல் ஏறுவதை இங்கே மராத்தியில் 'பர்த்தி' என்பார்கள். மழைக்காலத்தில் அதன் நேரமும் உயரமும் செய்திகளில் வரும். 4.5 மீட்டரைத் தாண்டினால் உஷாராகிவிடுங்கள். அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இருந்த இடத்திலேயே இருப்பது நல்லது.

இதற்கு நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் ஏற்றம் உயரமாக இருக்கும். ஏறும் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும்.

படி 2: எச்சரிக்கையின் நிறம்

வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று அறிவிக்கும். சிவப்பு என்றால் மேலாளரிடம் பேசி விடுப்போ, வீட்டிலிருந்து வேலையோ கேளுங்கள். உங்கள் தெருவில் வானம் வெளுத்திருப்பதை நம்பிக் கிளம்ப வேண்டாம். 2005 ஜூலை 26 அன்று வடக்கே சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அதே நாளில் தெற்கே கொலாபாவில் 75 மில்லிமீட்டர்கூட இல்லை. தெற்கே ஆபீஸில் இருந்தவர்களுக்கு வடக்கே வீட்டுப் பக்கம் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்?

படி 3: எந்த ரயில்?

தாராவிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு பக்கம் சென்ட்ரல் லைனில் சயான், மறுபக்கம் வெஸ்டர்ன் லைனில் மாஹிம். மித்தி ஆறு பொங்கினால் குர்லா, சயான் பக்கம்தான் தண்டவாளம் சீக்கிரம் முழுகும். அதனால் கனமழை நாளில் நான் மாஹிமுக்கு நடந்துவிடுவேன். செம்பூர்க்காரர்கள் ஹார்பர் லைனில் சூனாபட்டியையும் குர்லாவையும் கவனிக்க வேண்டும்.

ரயில் நடுவழியில் நின்றுவிட்டால் கீழே குதிக்காதீர்கள். ஒரு ஜூலையில் குர்லாவுக்கு முன்னால் மூன்று மணி நேரம் நின்றோம். பொறுமை இழந்து இறங்கியவர்களுக்குத் தண்ணீருக்கடியில் ஜல்லி எங்கே, பள்ளம் எங்கே என்றே தெரியவில்லை. பெட்டிக்குள் இருந்த ஒரு அக்கா தன் டப்பாவில் மிச்சமிருந்த புளியோதரையைப் பகிர்ந்து கொடுத்தார். அன்று முதல் என் பையில் பிஸ்கட், ஒரு பாட்டில் தண்ணீர், பிளாஸ்டிக் கவருக்குள் போன், பவர் பேங்க், மாற்று உடை எல்லாம் இருக்கும்.

படி 4: தண்ணீரில் நடக்க நேர்ந்தால்

ஹிந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட், மிலன் சப்வே, அந்தேரி சப்வே. தண்ணீர் தேங்கும் இடங்களில் இந்தப் பெயர்களை முதலில் மனப்பாடம் செய்யுங்கள். சப்வே என்றால் தண்டவாளத்துக்கு அடியில் போகும் சாலை; அதில் தண்ணீர் நின்றால் எந்த வண்டியிலும் உள்ளே போகாதீர்கள்.

முழங்கால் தண்ணீரில் பெரிய ஆபத்து திறந்து கிடக்கும் மேன்ஹோல். 2017 ஆகஸ்ட் 29 வெள்ளத்தில் வீட்டுக்கு நடந்துபோன ஒரு மூத்த டாக்டர் அப்படித்தான் உயிரிழந்தார். தண்ணீர் ஓரிடத்தில் சுழித்து உள்ளே இழுத்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். குச்சியோ கொடியோ நட்டிருந்தால் விலகிப் போங்கள். குடையை மடக்கி, அடுத்த அடி வைக்கும் இடத்தைக் குத்திப் பார்த்த பிறகே காலை வையுங்கள். ஹவாய் செருப்பு தண்ணீரோடு போய்விடும்; பின்பட்டை வைத்த ரப்பர் செருப்புதான் சரி. சிக்கிக்கொண்டால் மாநகராட்சியின் 1916 எண்ணை அழையுங்கள்.

படி 5: வீடு வந்த பிறகு

சோப்புப் போட்டுக் காலைக் கழுவித் துடைத்துவிட்டு, விரலிடுக்கில் வெட்டுக்காயம் இருக்கிறதா என்று பாருங்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் லெப்டோ காய்ச்சல் வரும். காய்ச்சல் வரட்டும் என்று காத்திராமல் 72 மணி நேரத்துக்குள் மாநகராட்சி மருந்தகத்துக்குப் போங்கள். "வெள்ளத் தண்ணியில நடந்தேன், கால்ல காயம் இருக்கு" என்று சொல்லுங்கள். என்ன மாத்திரை, எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்வார். கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.