பில்டுக்குத் தானாக வெர்ஷன் எண் போடுகிறீர்களா?

புதிதாக சிஐ (கோடு மாறும்போதெல்லாம் தானாக பில்டு செய்யும் அமைப்பு) அமைப்பவர்களின் ஸ்கிரிப்டுகள் ரிவ்யூவுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஜென்கின்ஸ் என்ற பழைய சிஐ கருவியின் காலத்தில் நாங்கள் செய்த அதே கோளாறுகள், இப்போது யாமல் அமைப்புக் கோப்பில். எண்ணைக் கையால் மாற்றாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

தேதியையே எண்ணாக்குவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். ஆண்டு, மாதம், நாள், மணி என்று ஒட்டி ஒரே முழு எண். தானாக ஏறிக்கொண்டே போகும், கவுண்டர் வேண்டாம். ஆனால் 32 பிட் முழு எண் 2147483647-ஓடு நின்றுவிடும். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வரின் மால்வேர் ஸ்கேனர் இப்படித்தான் எண் போட்டு வந்தது. 2022 ஜனவரி 1 அன்று எண் 2201010001 ஆனதும் ஸ்கேனர் விழுந்தது, மெயில்கள் வரிசையில் தேங்கின. திருத்தமாக வந்த எண் 2112330001. அதாவது 2021 டிசம்பர் 33! அதைப் பார்த்தும் திருந்தாதவர்களை என்ன சொல்ல?

ஆண்ட்ராய்டில் வரம்பு இன்னும் குறைவு. ப்ளே ஸ்டோர் 2100000000 வரைதான் ஏற்கும். ஒரு தம்பி கெட்டிக்காரத்தனமாக மணியோடு நிறுத்தி 2025061514 என்று போட்டார், அடங்கியது. அதே மணி நேரத்துக்குள் அவசரத் திருத்தம் ஒன்று வர, இந்த வெர்ஷன்கோடு (ஆப்பின் உள் வெர்ஷன் எண்) ஏற்கெனவே பயன்பட்டது என்று ஸ்டோர் திருப்பிவிட்டது. இனி 57, 58 என்று இறங்கவும் வழியில்லை; வெர்ஷன்கோடு ஏறத்தான் வேண்டும். அந்த ஆப் இருக்கும்வரை பத்து இலக்கத்தோடுதான் பிழைப்பு.

சிஐ ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தரும் ரன் எண்ணை முதலிலேயே எடுத்திருக்கலாம். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் புது ஒர்க்ஃப்ளோ என்றால் அது 1-லிருந்து தொடங்கும், பழைய எண்ணைக் கூட்டிக்கொள்ளுங்கள். ரீ-ரன் அழுத்தினால் எண் மாறாது என்பதும் நினைவிருக்கட்டும்.

டேக் இல்லாத குளோன்

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் (கோடை இறக்கும் படி), சொல்லாவிட்டால் கிட்டில் சேமித்த மாற்றங்களில் ஒரே ஒரு கமிட்டைத்தான் எடுக்கும். கிட் டிஸ்கிரைப் (டேகைப் பார்த்து வெர்ஷன் சொல்லும் கட்டளை) தேடும் டேக், அதாவது கமிட்டுக்கு ஒட்டிய வெர்ஷன் பெயர், அங்கே இருக்காது. சிலர் அந்தப் பிழையை விழுங்கி 0.0.0 என்று போட்டுவிடுகிறார்கள். பச்சை டிக்கோடு அதுவும் வெளியே போகும். ஃபெட்ச்-டெப்த்தை 0 ஆக்குங்கள், முழு வரலாறும் டேகுகளும் வரும். டேக் கிடைக்காவிட்டால் பில்டு உடையட்டும்.

வெளியிட்ட டேகை நகர்த்துவது

கூடாது. புது எண் போடுங்கள்.

எழுத்து வரிசையில் அடுக்குவது

அப்படி அடுக்கினால் 1.10.0 முன்னால் வந்துவிடும்; 1.9.0-க்குப் பிறகுதான் 1.10.0.

டாக்கர் டேகில் கூட்டல் குறி

செம்வெர் (வெர்ஷன் எண் எழுதும் பொது விதிமுறை) படி கமிட் ஹேஷை (கமிட்டின் அடையாளக் குறியை) எண்ணின் பின்னால் + போட்டு ஒட்டுவார்கள்; இமேஜின் டேகில் அந்தக் குறியை டாக்கர் ஏற்காது. பதிலுக்குச் சிறு கோடு போட்டால் செம்வெர் கணக்கில் அது முன்வெளியீடாகிவிடும் (இறுதி வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு). கமிட் ஹேஷை இமேஜ் லேபிளில் வையுங்கள்.