ஆங்கிலம் மாதிரியே இருக்கும் ஜெர்மன் சொல்லை என்ன செய்வது?

மயிலாப்பூரில் என்னிடம் மாலையில் ஜெர்மன் படிக்க வருபவர்களில் பாதிப் பேர் நர்ஸ்கள். மீதிப் பேர் அம்பத்தூர் பக்கம் கம்பெனிகளில் இருக்கும் இன்ஜினியர்கள். எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: ஜெர்மன் சொல் கொஞ்சம் மாறியிருந்தால் நம்புங்கள், அச்சு அசலாக ஆங்கிலம் மாதிரியே இருந்தால் சந்தேகப்படுங்கள்.

காரணம் இருக்கிறது. இரண்டு மொழியும் ஒரே குடும்பம்தான். ஆங்கிலேயரின் முன்னோர் 5ஆம் நூற்றாண்டிலேயே கடல் தாண்டிப் பிரிட்டனுக்குப் போய்விட்டார்கள். அதற்கப்புறம், 6 முதல் 8ஆம் நூற்றாண்டுக்குள், தெற்கு ஜெர்மானியப் பேச்சில் மெய்யொலிகள் வரிசையாக மாறின. ஆங்கிலமும் டச்சும் அதில் சிக்கவில்லை. அதனால் முதல் வேலை, ஒலியை மாற்றிப் பார்ப்பது. ஷிப், ஷிஃப் ஆகும். வாட்டர், வாஸர். மேக், மாஹென். த்ரீ, ட்ரை. ஆங்கில 'டி' (d) எழுத்து ஜெர்மனில் பெரும்பாலும் 'ட்டீ' (t) ஆகிவிடும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே ட என்பதால், இதை மட்டும் நோட்டில் ரோமன் எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது 'ராட்' (Rat) என்ற சொல்லைப் பாருங்கள். எழுத்தைப் பார்த்தால் எலி. ஒவ்வொரு பேட்ச்சிலும் யாராவது 'ராட்ஹவுஸ்' என்பதை எலி வீடு என்று படித்துச் சிரிப்பார்கள். ஒலியைத் திருப்பிப் போட்டால் கிடைப்பது 'ரீட்' (read). பழைய ஆங்கிலத்தில் அந்த வினைச்சொல்லுக்கு ஆலோசனை சொல்வது என்ற பொருளும் இருந்தது. ராட் என்றால் ஆலோசனை, மன்றம். நம்ம சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை ஜெர்மனியில் இருந்தால் அதுதான் ராட்ஹவுஸ்.

அடுத்த வேலை, சொந்தம் உறுதியானால் பொருள் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கேட்பது. அண்ணன் தம்பி என்பதற்காக ஒரே வேலையா பார்ப்பார்கள்? ஆங்கில 'டியர்' (deer) ஒரு காலத்தில் எந்த விலங்கையும் குறித்தது. பிறகு மானுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. ஜெர்மன் 'டியர்' (Tier) இன்றும் விலங்குதான். கிண்டிப் பூங்காவில் மான் மட்டுமல்ல, குரங்கும் டியர். 'கிஃப்ட்' இன்னும் விவகாரம். கொடுப்பது என்ற வேரிலிருந்து வந்து, கொடுக்கப்படும் மருந்தளவு ஆகி, ஜெர்மனில் விஷத்தில் போய் நின்றது. பழைய பொருள் 'மிட்கிஃப்ட்' என்ற சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பொருள் வரதட்சணை! அதையும் விஷம் என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

தேர்வில் மார்க்கைத் தின்பது 'பெகொம்மென்'. இதுவும் 'பிகம்' என்பதும் ஒரே வேர். வந்து சேர்வது என்பது பழைய பொருள். ஒரு நிலைக்கு வந்து சேர்ந்தால் ஆங்கிலம், ஒரு பொருள் நம்மிடம் வந்து சேர்ந்தால் ஜெர்மன். 'நர்ஸ் ஆகப் போகிறேன்' என்று சொல்ல நினைத்து இதைப் போட்டால், 'எனக்கு ஒரு நர்ஸ் கிடைக்கப் போகிறார்' என்று ஆகிவிடும். ஆவதற்கு 'வேர்டென்' போடுங்கள்.

கடன் சொற்களுக்குத் தனிக் கணக்கு. 'பெப்பர்' லத்தீன் வழியாகச் சீக்கிரமே போய்ச் சேர்ந்ததால் ஒலிமாற்றத்தில் அகப்பட்டு 'ஃபெஃபர்' ஆனது. அதன் மூலம் சமஸ்கிருதப் 'பிப்பலி', அதாவது நாட்டு மருந்துக் கடைத் திப்பிலி. பிந்தி வந்தவை மாறவில்லை. 'ஷெஃப்' இரு மொழிக்கும் பிரெஞ்சு கொடுத்தது. ஜெர்மனியில் அவர் சமையல்காரர் அல்ல, உங்கள் பாஸ். 'ஹேண்டி' என்றால் மொபைல் போன்.

சந்தேகம் வந்தால் டி.டபிள்யூ.டி.எஸ். இணைய அகராதியில் சொல்லைப் போட்டு, 'எட்டுமோலோகீ' (Etymologie, சொல்லின் வேர் வரலாறு) என்ற பகுதிக்கு நேராகப் போங்கள். இலவசம்தான். அங்கே ஆங்கில, டச்சு உறவுச் சொற்களையும் பெரும்பாலும் கொடுத்திருப்பார்கள். பெயர்ச்சொல்லாக இருந்தால், அதன் பாலையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.