மண்ணீரலில் சீழ் என்று ரிப்போர்ட் வந்தால்

சர்ஜிக்கல் வார்டில் வேலை செய்து ஓய்வெடுத்த நேர்ஸ் நான். வெள்ளவத்தையில் எங்கள் மாடியில் யாருக்கு என்ன ரிப்போர்ட் வந்தாலும் என் வீட்டு பெல்தான் அடிக்கும். மண்ணீரல் சீழ்க்கட்டி அரிது. ஆனால் வந்தால் விளையாட்டில்லை.

விடாத காய்ச்சல், இடப்பக்க விலாவுக்குக் கீழே நோ, சிலருக்கு இடது தோளிலும் நோ. பனடோலைப் போட்டுப்போட்டு நாளைக் கடத்தாதேங்கோ; ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. சி.டி. ஸ்கானில் கட்டி தெளிவாகத் தெரியும்.

பெரும்பாலும் கிருமி வேறிடத்திலிருந்து இரத்தத்தோடு வந்து மண்ணீரலில் தங்கியிருக்கும். இதய வால்வில் தொற்று இருக்கிறதா என்று பார்க்கத்தான் எக்கோ (இதய ஸ்கான்) எடுக்கிறார்கள். "வயிற்று நோவுக்கு ஏன் நெஞ்சைப் பார்க்கிறியள்?" என்று டொக்டரோடு சண்டை பிடிக்காதேங்கோ. டைபொயிட், அடிபட்ட மண்ணீரல், இரத்த நோய்கள் சிலவும் காரணமாகலாம். சீனி வருத்தக்காரருக்கு ஆபத்து கூட.

எங்கள் நாட்டில் மெலியோய்டோசிஸையும் நினைக்க வேணும். சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் இருக்கிற கிருமி அது. கொழும்பு வார்டில் கட்டிலில் படுத்திருப்பவரைப் பார்த்தால் அவர் போன மாதம் கிளிநொச்சி வயலில் வெறுங்காலோடு நின்றவர் என்று டொக்டருக்கு எப்படித் தெரியும்? களனி வெள்ளத்தில் வீடு கழுவியதையும் சேர்த்து நீங்களே சொல்லுங்கோ. லாப்பில் தேடுவதற்கும் சரியான மருந்தைத் தெரிவுசெய்வதற்கும் அது உதவும்.

இரத்தத்தைக் கல்ச்சருக்கு (என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்க) எடுத்துவிட்டு இரத்தக்குழாய் வழியாக அன்டிபயோட்டிக் தொடங்குவார்கள். கட்டியின் அளவையும் இடத்தையும் பொறுத்து, ஸ்கான் பார்த்தபடி ஊசியாலோ டியூப்பாலோ சீழை வடிப்பார்கள். டியூப் பையில் எவ்வளவு வருகிறது என்று எழுதி வையுங்கோ. திடீரென நின்றால் அடைப்பாக இருக்கலாம், உடனே சொல்லுங்கோ. மெலியோய்டோசிஸ் என்றால் ஊசி மருந்து குறைந்தது 2 வாரம், கட்டி இருந்தால் அதற்கும் மேல். பிறகு வீட்டில் குளிசை குறைந்தது 3 மாதம். காய்ச்சல் விட்டதும் குளிசையை நிறுத்துகிறவர்களுக்குத்தான் நோய் கூடுதலாகத் திரும்பி வரும்.

இதெல்லாம் சரிவராவிட்டால் மண்ணீரலையே எடுப்பார்கள். அது இல்லாமலும் வாழலாம். ஆனால் சில கிருமிகளை எதிர்க்கிற சக்தி குறைந்துவிடும். அதனால் நியூமொகொக்கஸ், மெனிஞ்சொகொக்கஸ், ஹிப் என்ற கிருமிகளுக்கான தடுப்பூசிகளை எப்போது போடுவது என்று கிளினிக்கில் கேட்டு, கொப்பியில் எழுதுவியுங்கோ. அதன்பின் சின்னக் காய்ச்சல் என்றாலும் அன்றைக்கே வைத்தியசாலை. நாய் கடித்தாலும் விசர்நாய் ஊசியோடு திரும்பிவிடாமல், மண்ணீரல் இல்லை என்று சொல்லி அன்டிபயோட்டிக்கும் கேளுங்கோ.