புயல் அறிக்கையை உங்கள் தெருவுக்குப் பொருத்திப் படிப்பது எப்படி

புயல் என்றதும் "இந்த வாட்டி பெருசா, சின்னதா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அதற்கு வானிலை ஆய்வு மையம் வைக்கும் வகைப் பெயர் (புயல், தீவிரப் புயல் என்பது போல) காற்றின் வேகத்தை மட்டும் வைத்து. சென்னையில் நம்மை அதிகம் படுத்துவது தண்ணீர். அதனால் அறிக்கையைப் படிக்கும்போது பெயரோடு நிறுத்தாமல் இன்னும் சிலதைப் பார்க்க வேண்டும்.

முதலில் பெயர்கள். காற்று மணிக்கு 31 கி.மீ. வேகத்தை எட்டினால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 50ஐ எட்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62ஐத் தொட்டால்தான் புயல், 89இல் தீவிரப் புயல், 118இல் மிகத் தீவிரப் புயல். அதற்கு மேலும் இரண்டு படிகள் உண்டு. இது மூன்று நிமிடச் சராசரி. அமெரிக்கக் கணக்கு ஒரு நிமிடச் சராசரி என்பதால் அதைப் பின்பற்றும் ஆப்களில் வேகம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அதை வைத்து "மறைக்கிறாங்க" என்று வாட்ஸ்அப்பில் சண்டை போட வேண்டாம். நடுக்கடலில் யாரும் போய் அளப்பதில்லை. செயற்கைக்கோள் படத்தில் மேகச் சுருள் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்து டிவோராக் முறையில் மதிப்பிடுகிறார்கள், கரையை நெருங்கியதும் ரேடாரும் கைகொடுக்கும். ஒன்று நினைவிருக்கட்டும்: வேகம் இரட்டித்தால் காற்றின் தள்ளுவிசை நாலு மடங்காகும். மொட்டை மாடி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு இதுதான் முக்கியம்.

அப்புறம், புயல் நகரும் வேகம். நான் முதலில் தேடுவது இதைத்தான். காலை 8.30 மணி நிலவரப்படி 300 கி.மீ. தூரத்தில் இருந்தது, 11.30க்கு 270 கி.மீ. என்றால், நம்மை நோக்கி மணிக்கு 10 கி.மீ.தான் நெருங்குகிறது. மெதுவாக நகரும் புயல் ஒரே இடத்தில் கொட்டித் தீர்க்கும். மிக்ஜாம் புயல் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை. 2023 டிசம்பர் 5இல் ஆந்திராவின் பாபட்லா அருகே கடந்தது, ஆனால் அதற்கு முந்தைய இரண்டு நாளில் வேளச்சேரியும் முடிச்சூரும் மூழ்கின. 2016இல் வர்தா வேறு மாதிரி, நகரத்தின் மேலேயே ஏறி வந்து மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. எங்கே கடக்கும் என்பதை மட்டும் கேட்டுவிட்டு டிவியை அணைத்துவிடாதீர்கள்.

மழையை செ.மீ.யில் சொன்னால் மனதில் பதியாது, மாற்றிப் பாருங்கள். 20 செ.மீ. மழை என்றால் ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் மட்டும் சுமார் 44,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி கிட்டத்தட்ட நாலு. உங்கள் தெருவில் எத்தனை கிரவுண்டு, அந்த லாரிகளெல்லாம் எந்த வழியாகப் போகும்? அதுதான் கேள்வி. தென்சென்னை நீரில் பெரும்பகுதி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு பக்கம் கடலில் சேர வேண்டும். சதுப்பு நிலம் சுருங்கிவிட்டது, மடுவு குறுகல், அந்த நேரத்தில் கடலும் ஏறியிருந்தால் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. அடையாறு, கூவம் இரண்டுக்கும் இதே கதிதான். ஆகவே மழை எச்சரிக்கையோடு அன்றைய கடல் ஏற்ற நேரத்தையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வந்தால் கூடுதல் கவனம் தேவை. புயல் நமக்குத் தெற்கே கடந்தால் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசி நீரை இன்னும் தள்ளும்.

இனி ஆட்கள். இடுப்பளவு தண்ணீர் மூன்றாம் மாடிக்காரருக்கு இரண்டு நாள் லீவு, தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவருக்கு ஃப்ரிட்ஜ், மெத்தை, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் போச்சு. காசிமேட்டு மீனவர்களுக்குக் கடலுக்குப் போகக் கூடாது என்ற எச்சரிக்கை வந்த நாளிலிருந்தே வருமானம் இல்லை, புயல் திசைமாறிப் போனாலும் அந்த நாள்கள் திரும்ப வராது. பெரும்பாக்கம் மாதிரி, ஆற்றங்கரையிலிருந்து பெயர்த்து சதுப்பு நிலத்து ஓரத்திலேயே குடிவைக்கப்பட்டவர்களுக்குக் கரண்ட் போனால் லிஃப்ட்டும் இல்லை, மோட்டார் தண்ணீரும் இல்லை. இதையெல்லாம் துறைமுகத்தில் ஏற்றும் எந்தப் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணும் சொல்லாது.

சரி, முன்கூட்டியே ஒரு தாளில் எழுதுங்கள்: தெருவில் தரைத்தளத்தில் யார் யார், படுக்கையில் இருப்பவர் யார், இன்சுலின் போடுபவர் யார், ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்பவர் யார், போன தடவை தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது. ஆரஞ்சு எச்சரிக்கை வந்தவுடன் அவர்களை மேலே ஏற்றிவிடுங்கள், சிவப்புக்குக் காத்திருந்தால் தெருவில் வண்டி போகாது. மாநகராட்சி எண் 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. இரண்டையும் தாளின் மேலேயே எழுதி, கரண்ட் போகும் முன் பவர்பேங்க்கை சார்ஜ் போட்டுவிடுங்கள்.