தொட்டி, குட்டை, எருக்குவியல்: கன அளவு தப்பும் இடங்கள்

உருளையின் கன அளவு π × ஆரம் × ஆரம் × உயரம். இது பள்ளிக்கூடத்துப் பாடம், யாரும் மறப்பதில்லை. π-க்கு 22/7 போடுவதா, 3.14 போடுவதா என்ற கவலையும் வேண்டாம். 1,000 லிட்டர் தொட்டியில் அந்த வித்தியாசம் ஒரு லிட்டர்கூட வராது. கணக்கு நூறு லிட்டர் கணக்கில் தப்புவது டேப் பிடிக்கும் இடத்தில்தான்.

நீலகிரி மலையில் கோத்தகிரி, குந்தா பக்கத்துக் காய்கறித் தோட்டங்களுக்கு ஏற்ற ஓர் உறைத்தொட்டியை, அதாவது சிமென்ட் வளையங்களை அடுக்கிய தொட்டியைப் பார்ப்போம். சிமென்ட் உறையின் உள் விட்டம் 3 அடி, உயரம் 1 அடி, சுவர்க் கனம் 2 அங்குலம். ஆரம் 1.5 அடி. 3.14 × 1.5 × 1.5 × 1 = 7.07 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர் என்பதால் ஓர் உறைக்கு 200 லிட்டர். அதையே வெளிவிளிம்போடு அளந்தால் விட்டம் 3 அடி 4 அங்குலம். கணக்கு 247 லிட்டர் ஆகிவிடும். ஐந்து உறை அடுக்கினால் தொட்டியில் இல்லாத 235 லிட்டரை நம்பி நாற்று நட்டிருப்போம். ஆரம் இருமுறை பெருக்கப்படுவதால் சின்னப் பிசகும் பெரிதாகிறது. விட்டத்தையே ஆரமாகப் போட்டுவிட்டாலோ விடை நான்கு மடங்கு.

டேப்பின் ஒரு முனையை உள்விளிம்பில் அழுத்திப் பிடித்து, மறுமுனையை எதிர்விளிம்பில் இடமும் வலமும் நகர்த்துங்கள். எங்கே அளவு அதிகமாக வருகிறதோ அதுதான் விட்டம். மற்றதெல்லாம் நாண்.

அடி, அங்குலத்தில் அளப்பவர்கள் 5 அடி 9 அங்குலத்தை 5.9 என்று எழுதிவிடுகிறார்கள். அது 5.75. அங்குலத்தை 12-ஆல் வகுத்த பிறகே கால்குலேட்டரைத் தொட வேண்டும்.

மலையில் எதுவும் மட்டமாக உட்காருவதில்லை. சாய்ந்து நிற்கும் தொட்டியில் சுவரையொட்டி மேட்டுப்பக்கம் 2 அடி, பள்ளப்பக்கம் 2.5 அடி தண்ணீர் நின்றால் உயரத்துக்கு 2.25 போடுங்கள். அடித்தளம் முழுவதும் மூழ்கியிருக்கும்வரை இது சரியாக வரும்.

பண்ணைக்குட்டையில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் கரை சரிவாக இறங்குகிறது. மேலே 10 மீட்டர் சதுரம், அடியில் 6 மீட்டர் சதுரம், ஆழம் 2 மீட்டர். மேல் அளவை மட்டும் வைத்துப் பெருக்கினால் 200 கன மீட்டர். உண்மையில் மேல் பரப்பு 100, கீழ்ப் பரப்பு 36, இவ்விரண்டின் பெருக்கலுக்கு வர்க்கமூலம் 60; மூன்றையும் கூட்டி ஆழத்தால் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 130.7 கன மீட்டர். கிட்டத்தட்ட 70,000 லிட்டர் காணாமல் போகிறது.

எரு, மணல் குவியல் கூம்பு வடிவம். உருளையில் மூன்றில் ஒரு பங்கு. இங்கே தப்புவது உயரம். குவியலின் மேலேயே டேப்பைப் படுக்கவிட்டால் வருவது சாய்வு உயரம். உச்சியில் ரீப்பர் கட்டையை மட்டமாக நீட்டி, அதன் நுனியிலிருந்து டேப்பைத் தரைக்குத் தொங்கவிடுங்கள். அடிவிட்டம் 12 அடி, நேர் உயரம் 4 அடி என்றால் 151 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). அதே குவியலுக்குச் சாய்வு உயரமான 7.2 அடியைப் போட்டால் 271 கன அடி! சரிவில் கொட்டிய குவியலுக்கு இந்தச் சூத்திரமே பொருந்தாது. பெட்டிபோல் நிரவி நீளம், அகலம், உயரம் அளப்பதே மேல்.

மருந்து கலக்கும் டிரம்மில் தவறு செய்தால் பயிர் பாழாகும். 200 லிட்டர் டிரம்மைப் படுக்க வைத்து, கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 50 லிட்டர் அல்ல, 39 லிட்டர். 50 லிட்டருக்கான மருந்தை ஊற்றினால் வீரியம் கால் பங்குக்கு மேல் கூடிவிடும். படுத்த டிரம்முக்குக் கணக்கே போடாதீர்கள். 10 லிட்டர் வாளியால் ஊற்றி ஊற்றி, ஒவ்வொரு வாளிக்கும் ஒரு குச்சியில் கோடு கீறிக்கொள்ளுங்கள். கோடுகள் சம இடைவெளியில் விழாது, நடுவில் நெருங்கியே விழும். குச்சியில் எந்த டிரம்முக்கானது என்று எழுதி, அந்த டிரம்மிலேயே கட்டி வையுங்கள்.