ஆர்க்னித் தீவில் ஏல் ருசிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஸ்காட்லாந்தின் வடமுனையைத் தாண்டிக் கடலுக்குள் இருக்கின்றன ஆர்க்னித் தீவுகள். அங்கே க்வாய்லூ என்ற ஊரில், பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடக்கிறது ஆர்க்னி ப்ரூவரி. 1988-ல் தொடங்கிய, ஏல் என்ற பீர் வகையைக் காய்ச்சும் சின்ன ஆலை. போகிறவர்கள் செய்கிற பெரிய தவறு, தாங்களே காரை ஓட்டிப் போய், ‘ஒரு பைன்ட்தானே’ (அரை லிட்டருக்குச் சற்று மேல்) என்று உட்கார்ந்துவிடுவது. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் வண்டி ஓட்டுபவரின் 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி. ஆல்கஹால்தான் உச்சவரம்பு. இங்கிலாந்தில் அது 80. லண்டனில் பழகிய கணக்கு இங்கே செல்லாது. என்னைக் கேட்டால் ஓட்டுபவர் ஒரு மிடறுகூடக் குடிக்க வேண்டாம். பாட்டிலாக வாங்கி வந்து இரவு தங்குமிடத்தில் திறக்கட்டும். எல்லோருமே ருசிக்க வேண்டுமென்றால் டாக்சிக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கிராமத்துப் பக்கம் பேருந்தை நம்ப முடியாது.

அடுத்த தவறு, ருசிக்கும் வரிசையில். இந்த ஆலையின் ஏல்களில் ‘ஸ்கல் ஸ்ப்ளிட்டர்’ என்ற பெயரைப் பார்த்ததும் பலரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். மண்டை பிளப்பவன் என்று பட்டப்பெயர் பெற்ற வைக்கிங் பிரபு தோர்ஃபின் நினைவாக வைத்த பெயர் அது. ஆல்கஹால் 8.5 சதவீதம். 330 மி.லி. குடித்தாலே 28 மி.லி. சுத்த ஆல்கஹால் உள்ளே போகிறது, 4.6 சதவீத ‘டார்க் ஐலண்ட்’ ஒரு முழு பைன்ட் (568 மி.லி.) குடித்தால்கூட 26 மி.லி.தான். அந்தக் கனத்த இனிப்பு நாக்கில் ஏறிய பிறகு, மென்மையான ஏல் எதுவும் தண்ணீர் மாதிரிதான் தெரியும். ‘ரெட் மெக்ரெகர்’ போன்ற 4 சதவீத வகையில் தொடங்கி, டார்க் ஐலண்டுக்கு வந்து, ஸ்கல் ஸ்ப்ளிட்டரைக் கடைசிக்கு வையுங்கள். பைன்ட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவாகக் கேளுங்கள், போதும்.

‘சில்லென்று இல்லையே, நுரையும் குறைவே’ என்று குறைபட்டுக்கொள்வதும் நம்மவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். பீப்பாய் ஏலைப் பரிமாறுவதே 11 முதல் 13 டிகிரியில்தான். லாகர் என்ற மற்ற பீர் வகையைவிட வெதுவெதுப்பில் நொதிப்பதால் ஈஸ்ட் பழவாசனை தருகிறது; ரொம்பக் குளிர்ந்தால் அந்த வாசனை அமுங்கிவிடும். ஐஸ் கேட்காதீர்கள்.

அப்புறம், வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஐயாயிரம் ஆண்டுப் பழைய ஸ்காரா பிரே குடியிருப்பு பக்கத்திலேயே இருக்கிறது. அதை ருசிபார்ப்புக்கு முன்பே, தெளிந்த கண்ணோடு பார்த்துவிடுங்கள்.