முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சியா? பகலிலேயே பிடித்துவிடுங்கள்

முருங்கைக் கம்பளிப்பூச்சி, பழுப்பு கலந்த மஞ்சள் நிறத்தில் பெரிதாக இருக்கும் ஓர் அந்துப்பூச்சியின் புழு. தாய் அந்துப்பூச்சி முட்டையைக் கொத்தாக இலையிலும் இளந்தண்டிலும் இடும். அந்தக் கொத்து கண்ணில் பட்டால் இலையோடு கிள்ளி அழித்துவிடுங்கள், பாதி வேலை முடிந்தது.

தவறவிட்டால்? புழுக்கள் கூட்டமாகவே வாழும். பகலில் அடிமரத்தில் அடை அடையாக ஒட்டிக்கொண்டிருக்கும். நமக்கு வசதியே அதுதான். ஒரு வாளியில் சோப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு, நீளக் கைப்பிடி உள்ள துடைப்பத்தால் அப்படியே வழித்து வாளிக்குள் தள்ளுங்கள். தீப்பந்தம் காட்டும் பழக்கமும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, பட்டையும் சேர்ந்து கருகும். புழு சின்னதாக இருக்கும்போது மீன் எண்ணெய் ரோசின் சோப்பை (பூச்சிகளுக்குத் தெளிக்கும் ஒரு வகை சோப்பு) லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கலந்து தெளித்தாலும் கேட்கும்.

முழுக்கைச் சட்டை, கையுறை கட்டாயம். ரோமம் பட்டுவிட்டதா? தேய்க்காதீர்கள், சொறியவும் வேண்டாம். ஒட்டும் டேப்பை மெதுவாக ஒட்டி ஒட்டி எடுத்தால் ரோமம் அதோடு வந்துவிடும். அப்புறம் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டாலோ மூச்சு திணறினாலோ உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

வளர்ந்த புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகும். அதனால் மரத்தடி மண்ணை லேசாகக் கொத்திவிடுங்கள், மேலே வருவதைக் கோழியும் மைனாவும் பார்த்துக்கொள்ளும்.